ரெண்டு பேருக்கு ஒரு மூக்கு

அத்தியாயம் 9

ஞாயித்துக்கெழம விடியக்காலம் பாலாமணி கண்ணு முழிச்சப்ப, ஒலகம் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிருந்துச்சு.

அடுப்படியில அம்மா காப்பி ஆத்துற சத்தம் நல்லாவே கேட்டுச்சு. ஆனா காப்பி வரல. தெனமும் அம்மா டம்ளரத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே அந்த வாசம் நடந்து வந்து, போர்வைக்குள்ள பூந்து, "எந்திரிடி"ன்னு சொல்லும். இன்னிக்கு அது வழி மறந்துட்ட மாதிரி இருந்துச்சு.

மூச்ச இழுத்துப் பாத்தா. எடது மூக்கு அடைப்பு. வலது மூக்கும் அடைப்பு.

ஐயோ சாமி, இன்னிக்கா?

பக்கத்துல அக்கா கனகமணி ஒரு கையத் தலைக்கு அண்டக் குடுத்துத் தூங்கிக்கிட்டிருந்தா. தூக்கத்துலயே லேசா சிரிக்குற மாதிரி இருந்துச்சு. ஜன்னலுக்கு வெளிய குன்னூரையே காணோம். மேகம் எறங்கி வந்து கடைவீதித் தகரக் கூரையெல்லாம் முழுங்கிட்டு, கோயில் கோபுரத்து உச்சிய மட்டும் மிச்சம் வெச்சிருந்துச்சு.

பாலாமணி அக்காவ எழுப்பல. எழுப்பி என்னன்னு சொல்றது? 'அக்கா, உனக்குன்னு இருந்த ஒரு மூக்கும் போச்சு'ன்னா?

கனகமணிக்கு வாசமே தெரியாதுங்கறது அந்த ஊட்டுல மூணு பேருக்குத்தான் தெரியும். டைபாய்டுல படுத்துப் பொழைச்சு எந்திரிச்சா. போன காச்ச அவ மூக்கையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. மல்லியப்பூவும் மண்ணெண்ணையும் அவளுக்கு ஒண்ணுதான். ஒரு நாளு அவ பக்கத்துல நிக்கறப்பவே பாலு அடிப்புடிச்சுக் கரியாச்சு. அப்பதான் அம்மா பாப்பம்மா கண்டுபுடிச்சா. கண்டுபுடிச்சதும் பொண்ணுங்க வாயத் தச்சுட்டா. "வெளிய மூச்சு உடக்கூடாது. உங்கப்பனுக்கும் தெரியக்கூடாது. நாளானா தானா சரியாயிரும்." ரெண்டு வருசமாச்சு. சரியாகல.

அப்பா லிங்கசாமிக்குக் கடைவீதியில கொடக்கடை. கொடை, ரெயின்கோட்டு, கம்பளி. விடிஞ்சு போனா ராத்திரி சோத்துக்குத்தான் வருவாரு. சொன்ன சொல்லு மாற மாட்டாருன்னு பஜாருல பேரு. அந்த வாயாலதான் போன வாரம் அங்கம்மாகிட்டச் சொன்னாரு: "என்ர பொண்ணுக்கு ஒரு கொறையும் கெடையாதுங்க. நான் பொறுப்பு." கதவுக்குப் பின்னால அம்மா முந்தானையக் கடிச்சுக்கிட்டு நின்னா.

அங்கம்மா, பக்கத்து ஊரு கேத்தியில நீலகிரித் தைலம் காய்ச்சுற ஊட்டுக்காரம்மா. புருசன் போன பொறகும் அடுப்ப அணைய உடாம ஒத்த ஆளா நடத்துனவங்க. உள்ளங்கையில ஒரு சொட்டு தைலத்த உட்டுத் தேச்சு மோந்தா, எந்தக் கொட்டாயில காய்ச்சுனது, அதுல எதைக் கலந்திருக்குதுன்னு சொல்லிப்போடுவாங்க. அவங்க மகன் வேலுமணி. மழையே இல்லாத மாசி மாசத்துல கொடை வாங்க வந்த ஆளு. மறுவாரமும் வந்தாரு. "போன கொடை பஸ்ஸுல போயிருச்சுங்க"ன்னாரு. அதுக்கடுத்த வாரமும் வந்து நின்னப்ப, கல்லாவுல அப்பாவுக்குப் பதிலா ஒக்காந்திருந்த கனகமணிக்குச் சிரிப்பு வந்துருச்சு.

அந்தச் சிரிப்ப அவ இன்னும் கீழ எறக்கி வெக்கல. பாலாமணிக்கு அது தெரியும். அதனாலதான் இத்தன பயம்.

ஊட்டுக்கு வந்து பொண்ணு பாத்தா ஊரே பாக்கும், அமையலீன்னா வீண் பேச்சு. அதனால அங்கம்மா சொல்லியனுப்பியிருந்தாங்க: "தொரசானி தோட்டத்துல செடி விக்குறாங்களாமா. நாங்களும் வர்றோம். பொம்பளைங்க மட்டும் செடி வாங்க வந்த மாதிரி வந்துருங்க." அதுல என்ன கஷ்டம்னு கேட்டா, வருசா வருசம் ஒரு தினுசு செடி மட்டும்தான் அங்க விப்பாங்க. ஒரு வருசம் கள்ளிச்செடி. ஒரு வருசம் கொடி. இந்த வருசம்னு பாத்து வாசனச் செடி.

அதுக்குத்தான் அக்காளும் தங்கச்சியும் ஒரு வாரமா பழகுனாங்க. பாலாமணி மோந்து பாக்கணும், அக்காவோட மணிக்கட்ட யாருக்கும் தெரியாம அமுக்கணும். ஒரு அமுக்குன்னா பூ வாசம். ரெண்டுன்னா எலுமிச்ச மாதிரி. நகத்தால கிள்ளுனா மருந்து வாசம், மூஞ்சியச் சுளிச்சுக்கோணும். சோப்பு, சூடம், பெருங்காயம் எல்லாம் வெச்சுப் பாத்தாச்சு. நேத்து சாங்காலம், "ஜெரேனியமும் இருக்கும்க்கா, அதையும் பழகிரலாம்"னு பக்கத்துத் தெரு வேலியில எலை கிள்ளத் தூறல்ல ஓடுனவ பாலாமணிதான்.

அந்தத் தூறலுதான் இப்ப மூக்குல ஒக்காந்திருக்கு.

அவ பூனை மாதிரி எந்திரிச்சுப் போயி, அலமாரியில இருந்த தைல புட்டியத் தொறந்தா. நெஞ்சுல தேச்சா. கழுத்துல தேச்சா. அடைப்பு விடல. கடைசியில விரல நனைச்சு ரெண்டு மூக்குலயும் உட்டுக்கிட்டா.

கண்ணுல இருந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுச்சு. மூக்கு மட்டும் தொறக்கவே இல்ல.

"ஏன்டி கண்ணு செவந்து கெடக்கு?" அம்மா கேட்டா.

"சோப்பு பட்டுருச்சும்மா."

*

பஸ்ஸு மலையச் சுத்திச் சுத்தி எறங்குச்சு. மொதல்ல மேகத்துக்குள்ள. பொறகு மேகத்துக்குக் கீழ. காது டொப்புன்னு அடைச்சுத் தொறந்துச்சு. ஒவ்வொரு வளைவுக்கும் குளிரு ஒவ்வொரு போர்வையா கழண்டு விழுந்துக்கிட்டே வந்துச்சு. தேயிலை போயி பாக்கு மரம் வந்துச்சு. பாக்கு மரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மொளகுக் கொடி வந்துச்சு.

கனகமணி ஊதாச் சேலை கட்டியிருந்தா. ஜன்னல் காத்துக்கு முடி பறக்க, பாலாமணி பக்கமா சாஞ்சு, "பயமா இருக்குதுடி"ன்னா.

"உனக்கென்ன பயம்? நான் இருக்கேன்ல"ன்னு பாலாமணி சொன்னா. அந்தச் சொல்லு அவ வாயிலிருந்து வந்த மாதிரியே இல்ல.

எந்தத் தொரையோட சம்சாரம் அந்தத் தோட்டத்த வெச்சதோ, அவங்க கப்பலேறிப் போயி எத்தனையோ வருசமாச்சு. பேரு மட்டும் தொரசானி தோட்டம். பர்லியாருக்குக் கொஞ்சம் மேல, மலைச் சரிவுல, ஒரு ஓடைய நடுவுல வெச்சு ரெண்டு பக்கமும் வளந்து கெடந்துச்சு. கேட்டத் தாண்டி உள்ள போனதும் வெயிலு பச்சையாயிருச்சு. யானைக் காது மாதிரி எலைங்க. மரத்துல இருந்து கயிறு கயிறா தொங்குற வேருங்க. எங்கியோ தண்ணி சொட்டுற சத்தம். கொளத்துக்கு அடியில நடந்து போற மாதிரி இருந்துச்சு பாலாமணிக்கு.

பாதையோரம் நீளமா பலகை போட்டு, பழைய பால் பவுடர் டப்பாவுல செடிங்கள அடுக்கியிருந்தாங்க. ஜனங்க குனிஞ்சு குனிஞ்சு, கண்ண மூடி மூடி, செடிக்கெல்லாம் ரகசியம் சொல்ற மாதிரி நின்னுக்கிட்டிருந்தாங்க. மோந்து பாத்துட்டு நிமுந்தா, அவங்க மொகத்துல ஒண்ணு நடந்துச்சு. ஒரு பாட்டியம்மா சிரிச்சாங்க. ஒரு போலீஸ்காரரு கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு. எதுக்குன்னு பாலாமணிக்குத் தெரியல. ஊமைப் படம் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே நடந்தா.

"அட! நீங்களும் செடி வாங்க வந்தீங்களாக்கும்?" எதுக்க வந்த அங்கம்மா, எதேச்சையா பாத்த மாதிரி அம்புட்டு அழகா ஆச்சரியப்பட்டாங்க. ஒல்லியான ஒடம்பு, வெள்ளச் சேலை, பெரிய மூக்கு. அந்த மூக்கப் பாத்ததும் பாலாமணி அம்மாவுக்குப் பின்னால ஒதுங்கிக்கிட்டா.

"ஆமாங்க, ஒரு ரோசாச் செடி வாங்கலாம்னு..." அம்மா இழுத்தா.

பின்னால வேலுமணி. கேத்திக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரக் கழட்ட வெக்கப்பட்டுக்கிட்டு, நெத்தியெல்லாம் வேர்த்து நின்னாரு. கையில கொடை.

"இது எத்தனாவது கொடைங்க?" பாலாமணிக்கு வாயி சும்மா இருக்காது.

"மொதக் கொடைதானுங்க அம்மிணி."

"அது பஸ்ஸுல போயிருச்சுன்னீங்க?"

வேலுமணி கொடையப் பாத்தாரு. கனகமணியப் பாத்தாரு. "திரும்பி வந்துருச்சுங்க"ன்னாரு.

கனகமணி சேலைத் தலைப்புக்குள்ள சிரிச்சா. அந்தச் சிரிப்புக்காகவாவது இன்னிக்கு நல்லபடியா முடியோணும்னு பாலாமணி மனசுக்குள்ள கும்புட்டுக்கிட்டா.

அங்கம்மா நடந்துக்கிட்டே சொன்னாங்க. "எங்க ஊட்டுல ஒரு பழக்கம் உண்டுங்க. வர்ற மருமக ஒரு வாசனச் செடி கொண்டாந்து தைலக் கொட்டாய்க்கு முன்னால நடோணும். என்ர மாமியா நட்டது மரிக்கொழுந்து. நான் நட்டது செண்பகம். அம்மிணி, நீயே மோந்து பாத்து, மனசுக்குப் புடிச்சத எடு. நான் குறுக்க வர மாட்டேன்."

"சரிங்க அத்தை"ன்னா கனகமணி. அவ கை பின்னால வந்து தங்கச்சி கையத் தேடுச்சு.

மொதப் பலகையில ஜாதிமல்லி. அதப் பாத்தாலே கொழந்தையும் சொல்லிரும். ஒரு அமுக்கு. "கமகமன்னு இருக்குங்க." அடுத்து எலுமிச்சம்புல்லு, அம்மா டீயில போடுறது, பாத்தாலே தெரியும். ரெண்டு அமுக்கு. "சுருக்குன்னு எலுமிச்ச மாதிரி வருதுங்க."

அங்கம்மா தலைய ஆட்டுனாங்க. பாலாமணிக்கு உசுரு கொஞ்சம் வந்துச்சு. கண்ண வெச்சே ஓட்டிரலாம் போலருக்கே!

அடுத்த டப்பாவுல ஜெரேனியம். சுருள் சுருளா, நேத்து வேலியில கிள்ளி எலுமிச்ச வாசம்னு பழகுன அதே எலை. அங்கம்மா ஒரு எலையக் கசக்கி நீட்டுனாங்க. பாலாமணி ரெண்டு தடவ அமுக்குனா.

"இதும் எலுமிச்ச வாசந்தானுங்க"ன்னா கனகமணி.

பலகைக்கு அந்தப் பக்கம் செடி வித்துக்கிட்டிருந்த பியாட்ரிஸ் அம்மா தண்ணி டப்பாவக் கீழ வெச்சாங்க. "எலுமிச்சயா? இது ரோஸ் ஜெரேனியம்மா! எலுமிச்ச ஜெரேனியம் அந்தக் கடைசி டப்பா. கண்ண மூடி மோந்தா பன்னீரு தெளிச்ச மாதிரி இருக்குமே?"

அங்கம்மா கையில இருந்த எலையத் தானும் ஒருக்கா மோந்து பாத்தாங்க.

"எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்குதுங்கள்ல, வாசம் கலந்தடிக்குதுங்க"ன்னு அம்மா அவசரமா சிரிச்சா.

"ஆமாமா, அடிக்கும்" அப்படின்னுட்டு அங்கம்மா நவுந்தாங்க. நவுந்தவங்க நின்னாங்க. திரும்பி, பாலாமணி பக்கமா குனிஞ்சு, மெதுவா ஒரு மூச்சு இழுத்தாங்க.

"ஏங் கண்ணு, உனக்குச் சளியா?"

"இ... இல்லீங்க அத்தை."

"தைலம் பூசியிருக்கியே. அதும் நம்ம தைலம் இல்ல, பெயிண்டுல ஊத்துற டர்பன்டைன் கலந்த சரக்கு. எந்தக் கடையில வாங்குனாரு உங்கப்பா?" இன்னும் கொஞ்சம் குனிஞ்சாங்க. "அடக் கெரகமே, மூக்குக்குள்ள வேற உட்டிருக்குது புள்ள! எரியல?"

"எரியுதுங்க"ன்னா பாலாமணி. அழுகை வந்துருச்சு.

அம்மா சிரிச்சா, பியாட்ரிஸ் அம்மா சிரிச்சாங்க, வேலுமணியும் சிரிச்சுக்கிட்டே எளநி வாங்கப் போனாரு. கனகமணி மட்டும் சிரிக்கல. பாலாமணி புடிச்சிருந்த அவ மணிக்கட்டு, ஓடைக் கல்லு மாதிரி சில்லுன்னு ஆயிருச்சு.

*

எளநி வர்ற வரைக்கும் பெரியவங்க பெஞ்சுல ஒக்காந்தாங்க. "பெரணி பாத்துட்டு வர்றோம்"னு கனகமணி தங்கச்சிய இழுத்துக்கிட்டுப் போனா.

பாறைய ஒட்டி ஒரு கல்லுக் குடிலு. உள்ள பூராம் பெரணி. பூவே பூக்காத செடி, அதனால இன்னிக்கு அதப் பாக்க ஒருத்தரும் வரல. சுவத்துல தண்ணி வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு. எல்லாம் அரை வெளிச்சமா, அரைத் தூக்கமா இருந்துச்சு.

"ஏண்டி காலையில சொல்லல?"

"சொன்னா நீ வர மாட்டேன்னிருப்பியே."

"சொல்லாம வந்து?"

"பயமா இருந்துச்சுக்கா." பாலாமணி மூக்கத் தாவணியில தொடைச்சுக்கிட்டா. "உன்னால அந்த ஊட்டுக்குப் போக முடியாம போனா, என்னாலதான்னு இருக்கும்ல. நேத்து நான் நனையாம இருந்திருந்தா..."

கனகமணி ஒரு பெரணி எலைய விரலால நீவிக்கிட்டிருந்தா.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"ம்."

"காலையில இருந்து எல்லாமே தூரமா இருக்குது. காப்பி குடிச்சேன், சுடு தண்ணி மாதிரி இருந்துச்சு. அம்மா கட்டிப்புடிச்சுப் பொட்டு வெச்சா, அம்மா மாதிரியே இல்ல. வேற யாரோ அம்மா வேசம் போட்டுக்கிட்டு வந்தாப்புல இருந்துச்சு. இந்தத் தோட்டமே கனவுல பாக்குற மாதிரி இருக்குது. கைய நீட்டுனா தொட முடியாதுன்னு தோணுது." அவ குரலு இன்னும் சன்னமாச்சு. "நீ ரெண்டு வருசமா இங்கயேதான் இருக்கியாக்கா?"

தண்ணி சொட்டுச்சு.

"பழகிரும்"னா கனகமணி. கொஞ்ச நேரங் கழிச்சு, "பழகலடி"ன்னா.

பாலாமணி அக்கா இடுப்பக் கட்டிக்கிட்டா. ஊதாச் சேலை மேல தைலமும் கண்ணீரும் ஒண்ணா ஒட்டுச்சு.

"நாளைக்கு அந்த ஊட்டுக்குப் போனப்புறம் யாரு கையப் புடிச்சுக்கிட்டு நிப்பேன்?" கனகமணி தனக்குத் தானே கேட்டுக்கற மாதிரி கேட்டா. "உன்னையும் சீரோட சேத்தா கொண்டுபோக முடியும்?"

*

எளநி குடிச்சாச்சு. வெயிலு சாயுது. "கடைசியா ஒண்ணு காட்டுறேன்"னு பியாட்ரிஸ் அம்மா ஒரு டப்பாவத் தூக்கிட்டு வந்தாங்க. கரும்பச்சை எலை. அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு மஞ்சளா ஒத்தப் பூவு. பூன்னு சொன்னாத்தான் தெரியும்.

"மனோரஞ்சிதம்! எத்தன வருசமாச்சு பாத்து!" அங்கம்மா மொகம் கொழந்த மாதிரி ஆயிருச்சு.

"ஆனா குளிருக்கு ஆகாதும்மா. மேல கொண்டுபோனா பொழைக்காது."

"என்ர கொட்டாயில ராப்பகலா அடுப்பு எரியுதுங்க. அந்தச் சூட்டுலயே தழைக்கும்." பூவ மெதுவா கிள்ளி, உள்ளங்கையில வெச்சு, கனகமணிகிட்ட நீட்டுனாங்க. "இத மோந்து பாக்கறப்ப எந்தப் பழத்த நெனைக்கறமோ அந்தப் பழ வாசம் அடிக்கும்பாங்க. எனக்கு எப்பவும் பலாப்பழம். எங்கூட்டுக்காரருக்குக் கொய்யா. உனக்கு என்ன பழம் வருது, சொல்லு அம்மிணி."

பாலாமணிக்குத் தலைக்குள்ள ஒரு விளக்கு எரிஞ்சுச்சு.

எந்தப் பழத்தச் சொன்னாலும் சரி! மாம்பழம்னு சொல்லு, வாழப்பழம்னு சொல்லு, ஊட்டி பேரிக்காயின்னு சொல்லு, தப்பாவே ஆகாது. இத்தன செடியில இது ஒண்ணுதான் பொய்ய மாட்டி உடாத செடி. சந்தோசத்துல அவ அக்கா மணிக்கட்ட அமுக்குனா, அமுக்குனா, கணக்கே இல்லாம அமுக்குனா. சொல்லுக்கா! ஏதாவது ஒண்ணச் சொல்லு!

கனகமணி கண்ண மூடி மோந்தா. ரொம்ப நேரம். பூவோட இதழு அவ மேலுதட்டுல பட்டுச்சு.

வேலுமணி தூரத்துல நின்னு, தனக்கே பரீச்ச மாதிரி பாத்துக்கிட்டிருந்தாரு.

கனகமணி கண்ணத் தொறந்தா. தங்கச்சி விரல ஒண்ணொண்ணா எடுத்து உட்டா. அதட்டாம, பூ பறிக்குற மாதிரி.

"எனக்கு ஒண்ணும் வர்லீங்க அத்தை."

"இன்னொருக்கா பாரு சாமி. மனசுல ஒரு பழத்த நெனச்சுக்கிட்டு..."

"நெனைக்கறேனுங்க. எல்லாப் பழமும் நெனச்சுட்டேனுங்க. எனக்கு வாசமே தெரியாதுங்க. டைபாய்டு வந்ததுல போச்சு. காலையில இருந்து சொன்னதெல்லாம் இவ சொல்லிக் குடுத்ததுங்க. இவளுக்கும் இன்னிக்கு மூக்கடைப்பு. அதான் ரோசாவ எலுமிச்சன்னு சொல்லிட்டோம்."

அம்மா கையில இருந்த எளநிக் கூடு கீழ விழுந்து உருண்டு போச்சு. அத யாரும் எடுக்கல.

அங்கம்மா மொகத்துல ஒண்ணுமே தெரியல. "பாலு பொங்குனா?"

"பக்கத்துலயே நின்னு பாத்துக்குவேனுங்க."

"தைலத்துல கலப்படம் இருந்தா?"

"தெரியாதுங்க" அப்படின்னா கனகமணி. "அது மட்டும் என்னால முடியாதுங்க."

"அம்மா..." வேலுமணி முன்னால வந்தாரு.

"நீ இரு." அங்கம்மா கனகமணியோட அம்மா பக்கம் திரும்புனாங்க. "உங்க ஊட்டுக்காரரு 'ஒரு கொறையும் இல்ல, நான் பொறுப்பு'ன்னு என்ர மூஞ்சியப் பாத்துச் சொன்னாருங்க. தெரிஞ்சு சொன்னாரா?"

அம்மா தலைய இல்லைன்னு ஆட்டுனா. "அவருக்குத் தெரியாதுங்க. நான்தானுங்க மறைச்சேன்."

அங்கம்மா மனோரஞ்சித டப்பாவத் தூக்கி பாலாமணி கையில குடுத்தாங்க.

"பொண்ணுக்கு மூக்கு இல்லாதது எனக்குப் பெருசா, சிறுசான்னு இன்னும் தெரியலீங்க. ராத்திரி பூராம் யோசிக்கோணும். ஆனா கட்டுன புருசனுக்குத் தெரியாம எனக்குத் தெரிஞ்சு, அது மேல நான் சம்பந்தம் பேச மாட்டேன். மொதல்ல அவருகிட்டச் சொல்லுங்க. அவரே கேத்திக்கு வந்து, அந்த வாக்க மாத்திச் சொல்லட்டும். வந்தா இந்தச் செடியக் கொண்டாங்க, நடலாமா வேண்டாமான்னு அப்பப் பேசிக்கலாம். வராட்டி, உங்க ஊட்டுலயே வெச்சுக்கங்க."

குன்னூருக் குளிருல அது பொழைக்காதுன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும்.

போறப்ப வேலுமணி நின்னாரு. கொடையக் கைமாத்திக் கைமாத்திப் புடிச்சாரு.

"ஏனுங்க... அந்தக் கொடையெல்லாம் தொலையலீங்க. பொய்தானுங்க சொன்னேன். எல்லாம் ஊட்டுலதான் இருக்குது."

"தெரியுமுங்க"ன்னா கனகமணி.

*

பஸ்ஸு மறுபடி மேகத்தப் பாத்து ஏறுச்சு. அம்மா முன் சீட்டுல தனியா ஒக்காந்து ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தா. "உங்கப்பன்கிட்ட யாருடி சொல்றது?"ன்னு ஒரே ஒருக்காத்தான் கேட்டா. அதும் ஜன்னலப் பாத்து.

சொன்ன சொல்ல மாத்துனதே இல்லாத அப்பா. பஜாருல நாலு பேருகிட்டயாவது இன்னேரம் சொல்லியிருப்பாரு. பாலாமணி மடியில செடி ஆடிக்கிட்டே வந்துச்சு. கண்ணச் சொக்குச்சு.

எந்த வளைவுன்னு தெரியல. காது டொப்புன்னு தொறந்துச்சு, கூடவே மூக்கும்.

"அக்கா!"

"என்னடி?"

"வந்துருச்சு! வாசம் வந்துருச்சுக்கா!"

கனகமணி நிமுந்து ஒக்காந்தா. டப்பாவுல இன்னொரு மொட்டு, பாதி விரிஞ்சு. "என்ன பழம்? என்ன பழம்டி?"

பாலாமணி கண்ண மூடி இழுத்தா. அவ எந்தப் பழத்தையும் நெனைக்கவே இல்ல. அதுவா வந்துச்சு.

"பழம் இல்லக்கா. நம்மூட்டுக் காப்பி."

கனகமணிக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. பொறகு தங்கச்சி தோள்ல தலைய வெச்சுக்கிட்டு, "எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. மெதுவா சொல்லு"ன்னா.

வெளிய பாக்கு மரம் போயி தேயிலை வந்துச்சு. பாலாமணி அக்கா காதுல சொல்லிக்கிட்டே வந்தா. மொதல்ல லேசா புகை மாதிரி. அப்பறம் வெல்லம் உருகுற மாதிரி. அப்பறம் அம்மா கை.

குன்னூரு பஸ் ஸ்டாண்டுல விளக்கு போட்டிருந்தாங்க. மேகத்துக்குள்ள மஞ்சளா ஒரு உருவம். கிட்ட வந்தாத்தான் தெரிஞ்சுச்சு, அப்பா. ராத்திரிக்கு முன்னாடி அவரு கடைய மூடி இவங்க யாரும் பாத்ததில்ல. ஒரு கையில கொடை, ஒரு கையில ஜாங்கிரிப் பொட்டலம்.

"வாங்க வாங்க! என்னம்மா ஆச்சு, அங்கம்மா என்ன சொன்னாங்க?" பதிலுக்கு நிக்காம அவரு கண்ணு செடி மேல போயிருச்சு. "அட, மனோரஞ்சிதமா! சின்னப்பையனா இருக்கறப்பப் பாத்தது. இதுல நெனச்ச பழ வாசமெல்லாம் வருமாமே?"

பொட்டலத்த அம்மாகிட்டக் குடுத்துட்டு, கொடையக் கக்கத்துல இடுக்கி, டப்பாவ வாங்கி, மொட்ட ஒடியாம நிமுத்தி, கனகமணி மூக்குக்கிட்டக் கொண்டாந்து புடிச்சாரு. மொகமெல்லாம் சிரிப்பு.

"கல்யாணப் பொண்ணு நீ சொல்லு கண்ணு. உனக்கு என்ன பழம் வருது?"

அம்மா மூச்ச இழுத்தது கேட்டுச்சு. பாலாமணியோட விரலு பழகுன பழக்கத்துல அக்கா மணிக்கட்டத் தேடிப் போச்சு. போயி, புடிச்சுச்சு. நாடி அடிக்கறது விரலுக்கு அடியில தெரிஞ்சுச்சு.

பொறகு அவளே உட்டுட்டா.

கனகமணி அப்பாவ நேரா பாத்தா. "அப்பா, கொடையக் கொஞ்சம் கீழ வெய்யுங்க"ன்னா. "ஒண்ணு சொல்லோணும்."